பாலாற்றங்கரைப் பேரேடு – 17: மூன்று அணா ஆடிட்டர்

1934 ஜனவரி 15. பீகாரில் பூமி அதிர்ந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். ராஜேந்திர பிரசாத் தலைமையில் நிவாரணக் குழு அமைந்தது. நாலா திசையிலிருந்தும் பணம் வந்து குவிந்தது. பணம் திரட்டுவதைவிட அதற்குக் கணக்கு வைப்பதுதான் பெரிய வம்பு. அந்த வம்பைத் தலையில் சுமக்க ஒரு தமிழரைப் பாட்னாவுக்கு அழைத்தார்கள். அவர் வந்ததும் முதல் வேலையாகச் செலவுக்கு வரம்பு கட்டினார். நிவாரணத் தொண்டர் ஒருவருக்குச் சாப்பாட்டுப் படி நாளொன்றுக்கு மூன்று அணா. அதற்கு மேல் ஒரு தம்பிடி கிடையாது.

சில நாளில் காந்தி தம் பரிவாரத்தோடு பீகார் வந்தார். பழம், ஆட்டுப்பால், கார், பெட்ரோல் என்று செலவு ஏறியது. காந்தியின் செயலாளர் மகாதேவ தேசாயைக் கூப்பிட்டு, உங்கள் கூட்டத்தின் செலவை நிவாரண நிதியில் எழுத எனக்கு அதிகாரம் இல்லை என்று அந்த ஆடிட்டர் சொல்லிவிட்டார். தேசாய் திகைத்துப்போய் விஷயத்தைக் காந்தியிடம் கொண்டுபோனார். காந்தி அவரைக் கூப்பிட்டு விசாரித்தார். இடிபாட்டில் தவிப்பவனுக்கென்று ஜனங்கள் கொடுத்த காசு இது, யாருக்காக வந்ததோ அவன் பெயரில்தான் பற்று எழுத முடியும் என்று பதில் வந்தது. காந்தி மறுபேச்சுப் பேசவில்லை. தம் ஆட்களின் செலவைத் தாமே பார்த்துக்கொண்டார்.

அந்த ஆடிட்டர்தான் ஜோசப் செல்லதுரை குமரப்பா. சுருக்கமாக ஜே. சி. குமரப்பா.

இந்தத் தொடரில் இதுவரை பெரியமேட்டுத் தரகர்கள் வந்தார்கள். லண்டன் ஏலத்துக்குத் தோல் அனுப்பிய வியாபாரிகள் வந்தார்கள். குரோம் பதனீட்டை மதராஸில் சோதித்துப் பார்த்த ஆல்ஃபிரட் சாட்டர்டன் வந்தார். குமரப்பா இவர்களில் ஒருவர் அல்லர். அவர் ஊர் ஆம்பூரும் இல்லை, வேலூரும் இல்லை, தஞ்சாவூர். தோல் வியாபாரமும் அவர் பிழைப்பு அல்ல. ஆனாலும், பாலாற்றில் பிற்பாடு நடந்ததைப் புரிந்துகொள்ள உதவும் கணக்கு முறை ஒன்றை அவர்தான் எழுதிவைத்துப் போனார் என்பது என் கட்சி. அதனால் இந்த அத்தியாயம் அவருக்கு.

1892 ஜனவரி 4-ஆம் தேதி ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை பொதுப்பணித்துறையில் அதிகாரி. குடும்பப் பெயர் கார்னீலியஸ் என்பதால் இளமையில் இவரும் ஜே. சி. கார்னீலியஸ். படிப்பு மதராஸ் டவ்டன் பள்ளியில். முதல் உலகப் போருக்கு முன்பே லண்டன் போய்க் கணக்காளர் பயிற்சி முடித்தார், அங்கேயே வேலையும் பார்த்தார். 1919-இல், தாயின் வற்புறுத்தலால் இந்தியா திரும்பினார். பம்பாயில் சில ஆண்டுகள் வேலை செய்துவிட்டு 1924-இல் கார்னீலியஸ் அண்ட் தாவர் என்ற பெயரில் சொந்தத் தணிக்கை நிறுவனம் தொடங்கினார். சீமை உடுப்பு, சீமை நடை, நல்ல வரும்படி. அரசியல் வாடையே படாத மனிதர்.

1927-இல் அமெரிக்கா போனார். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் படித்தார். அந்த அமெரிக்க நாட்களில் ஒரு தேவாலயத்தில் பேசக் கூப்பிட்டார்கள். இந்தியா ஏன் ஏழை நாடாக இருக்கிறது என்பது பற்றிப் பேசினார். பேச்சு செய்தித்தாளில் வந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்துப் பொதுநிதிப் பேராசிரியர் செலிக்மன் கண்ணில் அது பட, அதையே ஆராய்ச்சியாக எழுது என்றார். அரசின் வரவு செலவைக் கொண்டே இந்திய ஏழ்மையின் காரணத்தைத் தேடும் வேலை அது. பம்பாயில் கம்பெனிகளின் பேரேட்டைப் புரட்டிய கை இப்போது ஒரு சாம்ராஜ்யத்தின் பேரேட்டைப் புரட்டியது. வரியாக வசூலித்த காசு எங்கே போகிறது, யாருக்குத் திரும்புகிறது என்று பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் ஆள் மாறிவிட்டார். 1929-இல் இந்தியா திரும்பியபோது கார்னீலியஸை உதறிவிட்டுப் பாட்டனார் பெயரான குமரப்பாவை எடுத்துக்கொண்டார்.

அந்த ஆய்வை அச்சிட வழி தேடித்தான் காந்தியைப் பார்க்கப் போனார். 1929 மே 9, சபர்மதி. இரண்டரை மணிக்குச் சந்திப்பு. பட்டுச் சூட்டும் கைத்தடியுமாகக் கொஞ்சம் முன்னதாகவே கிளம்பிவிட்டார். வழியில் மரத்தடியில், சாணம் மெழுகிய தரையில் ஒரு கிழவர் நூற்றுக்கொண்டிருந்தார். நேரம் இருக்கிறதே என்று நின்று வேடிக்கை பார்த்தார். ஐந்து நிமிஷம் போயிற்று. கிழவர் இடுப்பிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்து, குமரப்பாதானே என்று கேட்டார். அப்போதுதான் அவர் யார் என்பது இவருக்கு உறைத்தது. உள்ளேயிருந்து யாரோ நாற்காலி கொண்டுவந்தார்கள். அதற்குள் இவர் சூட்டு கசங்கத் தரையில் உட்கார்ந்தாகிவிட்டது. ஆய்வு ‘யங் இந்தியா’வில் தொடராக வந்தது. குஜராத்தின் மாதர் தாலுகாவில் கிராமம் கிராமமாகப் போய்க் குடியானவனின் வரவு செலவை எழுதி வா என்று காந்தி வேலையும் கொடுத்தார். அதற்குப் பிறகு பம்பாய் ஆபீசுக்கு அவர் திரும்பவில்லை.

குமரப்பாவை அரசியல்வாதி என்று சொல்லலாமா என்று கேட்பார்கள். சட்டசபைக்குப் போகவில்லை, மந்திரியாக இருக்கவில்லை, மேடையில் கைதட்டல் வாங்கும் ஆளும் இல்லை. கோபக்காரர் வேறு. ஆனால் காங்கிரஸ் முக்கியமான கணக்கு எதைப் போட்டாலும் அதில் இவர் கை இருந்தது. 1931-இல் கராச்சி காங்கிரஸ் ஒரு குழு போட்டது. பிரிட்டனுக்கு இந்தியா பட்டிருப்பதாகச் சொல்லப்பட்ட கடன் உண்மையில் யார் கடன் என்பதை ஆராய்வது அதன் வேலை. பகதூர்ஜி, புலாபாய் தேசாய், கே. டி. ஷா ஆகியோரோடு குமரப்பாவும் அதில் இருந்தார். அந்த அறிக்கையைப் படித்தால் ஒரு தணிக்கையாளரின் சினம் பக்கத்துக்குப் பக்கம் தெரியும். 1857 கிளர்ச்சியை அடக்க ஆன செலவு இந்தியா தலையில். ஆப்கான் யுத்தச் செலவு இந்தியா தலையில். கிழக்கிந்தியக் கம்பெனிப் பங்குதாரர்களுக்குக் கொடுத்த லாபப்பங்கும் இந்தியா தலையில். அடித்தவனுக்குக் கைவலித் தைலம் வாங்கிய செலவை அடிபட்டவன் பற்றில் எழுதியிருக்கிறார்கள் என்பதுதான் சாரம். எண்கள் எல்லாம் கூட்டினால் சரியாகத்தான் வரும், எழுதிய பக்கம்தான் தப்பு என்று அந்த அறிக்கை காட்டியது.

அவருடைய அரசியல் முழுக்க இந்த ஒரு கேள்விதான் என்று எனக்குத் தோன்றுகிறது. லாபம் ஒருவர் பெயரிலும் செலவு இன்னொருவர் பெயரிலும் எழுதப்படும் கணக்கை அவரால் சகிக்க முடியவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரசு நோட்டை அச்சடித்துத் தானியத்தையும் சரக்கையும் வாங்கிக்கொண்டிருந்தபோது, அப்பத்துக்குப் பதில் கல்லைக் கொடுக்கிறார்கள் என்ற பொருளில் கட்டுரை எழுதினார். அதற்காகச் சிறைக்கும் போனார். ஜபல்பூர்ச் சிறையில்தான் ‘நிலைத்த பொருளாதாரம்’ பற்றிய புத்தகம் உருவாயிற்று. புலி ஆட்டை அடித்துத் தின்பது ஒரு வகை, குரங்கு மாந்தோப்பில் புகுவது ஒரு வகை, தேனீ கூட்டுக்காக உழைப்பது ஒரு வகை என்று மனிதரின் தொழில் முறைகளை உயிரினங்களை வைத்து அதில் வகை பிரித்தார். தாய்ப் பறவை குஞ்சுக்கு இரை கொண்டுவருவதை உச்சியில் வைத்தார். அந்த உவமைகளைவிட எனக்குப் பயன்பட்டது அவருடைய இன்னொரு பாகுபாடு. இயற்கையில் எடுக்க எடுக்கச் சுரப்பது ஒன்று, எடுத்தால் தீர்ந்துபோகும் இருப்பு ஒன்று. மரம் முதல் வகை, நிலக்கரியும் எண்ணெயும் இரண்டாம் வகை. இருப்பை நம்பி நடக்கும் தொழில் சண்டையில்தான் போய் முடியும் என்பது அவர் வாதம்.

தோலுக்கு வருவோம்.

1934 செப்டம்பரில் காந்தி ‘ஹரிஜன்’ பத்திரிகையில் கிராமத் தோல் பதனீடு பற்றி எழுதினார். ஆண்டுக்கு ஒன்பது கோடி ரூபாய் மதிப்புள்ள பச்சைத்தோல் ஏற்றுமதியாகிறது, அதில் பெரும்பகுதி சாமானாகச் செய்யப்பட்டு இங்கேயே திரும்பி வருகிறது என்பது அவருடைய புகார். அந்த டிசம்பரில் வார்தாவில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் பிறந்தது. அதைக் கட்டி நடத்தியவர் குமரப்பா. எண்ணெய்ச் செக்கு, கைக்குத்தல் அரிசி, காகிதம், தேனீ வளர்ப்பு என்ற வரிசையில் தோலும் உண்டு. வார்தாவுக்குப் பக்கத்தில் நாலவாடியில் வாலுஞ்கர் என்ற தொண்டர் ஒரு தோல் பதனிடும் நிலையத்தை நடத்தினார். தானாகச் செத்த மாட்டின் தோல், மரப்பட்டைச் சாறு, எலும்பும் சதையும் எருவாக. ஒன்றும் வீணாகாத கணக்கு.

அதே காலத்தில் நம் பக்கத்து டேனரிகளின் கணக்கு எப்படி இருந்தது? ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை எங்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி. பச்சைத்தோல் விலை. உப்பு. சுண்ணாம்பு. ஆவாரம்பட்டை, பிற்பாடு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த வாட்டில் பட்டை. கடுக்காய். புங்க எண்ணெய். கூலி, வண்டிச் சத்தம், மதராஸ் கமிஷன், கப்பல் வாடகை. எல்லாவற்றுக்கும் தனித்தனி வரி உண்டு. தண்ணீருக்கு மட்டும் வரி கிடையாது. ஊறவைக்க, மயிர் நீக்க, சுண்ணாம்பு போக்க, பட்டைச் சாற்றில் போட என்று கட்டத்துக்குக் கட்டம் தண்ணீர் வேண்டும். பாலாறு மேலே வறண்டு கிடந்தாலும் மணலுக்கு அடியில் ஊற்று ஓடும். கிணறு தோண்டினால் போதும். வந்த தண்ணீருக்கும் விலை இல்லை, போன தண்ணீருக்கும் விலை இல்லை. விலை இல்லாததைக் கணக்குப்பிள்ளை எந்தப் பத்தியில் எழுதுவார்?

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பட்டைத் தோல் காலத்தைப் பொற்காலம் என்று பாடுகிறவர்கள் அந்தச் சுண்ணாம்புத் தொட்டிக்குள் முழங்கால் வரை இறங்கி நின்ற ஆளைக் கேட்கவேண்டும். உப்பும் கழிவும் அப்போதும் வாய்க்காலில்தான் போயின. அளவுதான் குறைவு. இன்னொன்று: குமரப்பாவின் கிராமத் தொழில் திட்டம் இந்த வட்டாரத்துக்குப் பொருந்தியிருக்கும் என்று நான் நம்பவில்லை. வார்தாவில் சங்கம் பிறப்பதற்குப் பல பத்தாண்டு முன்பே ஆம்பூர்த் தோல் லண்டன் விலையைப் பார்த்துத்தான் மூச்சு விட்டது. அந்தக் காசில்தான் இங்கே பள்ளிக்கூடங்களும் 1919-இல் வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரியும் எழுந்தன. நாலவாடிக் கணக்கை வைத்து இத்தனை குடும்பங்களுக்குச் சோறு போட முடியாது. அவருடைய தீர்வு வேறு, அவர் கேட்ட கேள்வி வேறு. தீர்வு காலாவதியானாலும் கேள்வி ஆகவில்லை.

சுதந்திரம் வந்தது. 1948-இல் காங்கிரஸ் நியமித்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்குக் குமரப்பா தலைவர். உழுபவனுக்கே நிலம், இடைத்தரகர் ஒழிப்பு, நில உச்சவரம்பு என்று அடுத்த ஆண்டு அறிக்கை கொடுத்தார். அறிக்கையைப் பாராட்டி அலமாரியில் வைத்தார்கள். பெரிய அணை, பெரிய ஆலை என்று டெல்லி ஒரு பக்கம் போக, இவர் இன்னொரு பக்கம் போனார். கடைசிக் காலம் மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டி காந்திநிகேதன் ஆசிரமத்தில். குடிசைச் சுவரில் ஓர் ஏழைக் கிராமத்தானின் படம் தொங்கியது. வந்தவர்களிடம் காந்தி என் எஜமானர், இவர் என் எஜமானருக்கு எஜமானர் என்று சொல்வாராம். 1960 ஜனவரி 30 அன்று, காந்தி இறந்த அதே தேதியில் காலமானார்.

அவர் கண்மூடிய பிறகுதான் பாலாற்றில் பெரிய மாற்றம் வந்தது. 1973-இல் பச்சைத்தோல் ஏற்றுமதிக்கு அரசு தடை போட்டது. பாதி பதனிட்ட தோலுக்கும் படிப்படியாகக் கட்டுப்பாடு வந்தது. முழுதாக முடித்த தோலாகவும் செருப்பாகவும் அனுப்பினால் அந்நியச் செலாவணி கூடும், இங்கே வேலையும் பெருகும் என்பது திட்டம். பெருகத்தான் செய்தது. காந்தி 1934-இல் பட்ட குறை ஒரு வகையில் நீங்கியது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அந்தத் திட்டத்தோடு குரோமும் பெரிய அளவில் உள்ளே வந்தது. பட்டைக் குழியில் வாரக்கணக்கில் கிடந்த தோல், டிரம்மில் ஒரு நாள் சுழன்றால் நீல நிறத்தில் ‘வெட் புளூ’வாக வெளியே வந்தது. குமரப்பாவின் பாகுபாட்டில் வைத்துப் பாருங்கள். ஆவாரம் செடி வெட்ட வெட்டத் துளிர்க்கும். குரோமியத் தாது ஒடிசாவின் சுகிந்தாவில் தோண்டி எடுப்பது, தோண்டினால் தீரும். ராணிப்பேட்டையில் குரோமேட் தயாரித்த ஓர் ஆலை மூடிப் பல காலம் ஆன பிறகும் அது விட்டுப்போன லட்சக்கணக்கான டன் கசடு அங்கேயே கிடந்தது.

எல்லாப் பழியையும் குரோமின் மேல் போடுவதும் சரியல்ல. விவசாயியின் நிலத்தைக் கொன்றதில் பெரும் பங்கு சாதாரண உப்புக்குத்தான். பச்சைத்தோல் அழுகாமல் இருக்க அதில் தடவிய உப்பு, முதல் கழுவலிலேயே கரைந்து வெளியே போய்விடும். குரோமைச் சுத்திகரிப்பு நிலையத்தில் பிடித்து வைக்கலாம். நீரில் கரைந்த உப்பைச் சாதாரணச் சுத்திகரிப்பில் பிடிக்க முடியாது. வாணிடெக், ராணிடெக் என்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்த பிறகும் கிணறுகள் கரித்ததற்குக் காரணம் இதுதான். பிற்பாடு ஆர்.ஓ. கருவிகள் வைத்து உப்பைப் பிரித்தார்கள். பிரித்த உப்பை எங்கே கொட்டுவது என்பது புதுத் தலைவலியாயிற்று.

1991-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்சநீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. நாட்டின் முடித்த தோல் ஏற்றுமதியில் ஏறக்குறைய 80 சதவீதம் தமிழ்நாட்டிலிருந்து போகிறது என்பதைத் தீர்ப்பு ஒப்புக்கொண்டது. ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர் செலவாவதையும், சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பாழானதையும் அதே தீர்ப்பு எழுதிவைத்தது. ஒவ்வொரு டேனரியும் 10,000 ரூபாய் அபராதம் கட்ட வேண்டும், கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்றது. இன்று இந்தியச் சட்டக் கல்லூரிகளில் எல்லாம் நடத்தப்படும் கோட்பாடு அது. கராச்சிக் குழுவின் அறிக்கையைப் படித்துவிட்டு இந்தத் தீர்ப்பைப் படிக்கும் யாருக்கும் இரண்டும் ஒரே விஷயம் பேசுவது தெரியும்: யார் செலவு யார் தலையில்.

தீர்ப்பின்படி இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைந்தது. 2001 மார்ச் 7-இல் அது எண்களைச் சொன்னது. சுமார் 29,000 பேருக்கு, 15,000 ஹெக்டேருக்குச் சற்று மேற்பட்ட நிலத்துக்கு, ஏறக்குறைய 26.82 கோடி ரூபாய். கோடி என்று கேட்டதும் மலைக்க வேண்டாம், வகுத்துப் பாருங்கள். ஆளுக்குச் சராசரி 9,200 ரூபாய்தான் தேறும். ஹெக்டேருக்குப் பார்த்தால் 18,000-ஐத் தொடாது. பல ஆண்டு விளைச்சல், கெட்ட கிணறு, விலை கொடுத்து வாங்கிய குடிதண்ணீர் எல்லாவற்றுக்கும் சேர்த்து இவ்வளவு. இந்தத் தொகையும் எல்லார் கைக்கும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்தால் அதற்கும் வழக்கு மேல் வழக்கு. பாட்னாவில் மூன்று அணாவுக்கு மேல் தரமாட்டேன் என்று நின்ற மனிதர், கொடுக்க வேண்டிய பக்கத்தில் இருந்திருந்தால் இந்தத் தாமதத்தை எப்படி எடுத்துக்கொண்டிருப்பார் என்பதை வாசகர்கள் யூகித்துக்கொள்ளலாம். இதற்கிடையே 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 பேர் இறந்தார்கள்.

வழக்கு மறுபடி உச்சநீதிமன்றம் போய், 2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் தீர்ப்புச் சொன்னார்கள். குமரப்பா இறந்து அன்றோடு 65 ஆண்டு. தேதி ஒத்துப்போனது தற்செயல்தான். பாக்கி நிற்கும் இழப்பீட்டை ஆறு வாரத்தில் அரசே கொடுத்துவிட வேண்டும், பிறகு ஆலைகளிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்பது உத்தரவு. ஆற்றின் நிலையைக் கவனிக்க ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும், வழக்கை முடிக்காமல் தொடர்ந்து கண்காணிக்கவும் நீதிமன்றம் முடிவு செய்தது. 2001-இல் எழுதிய பற்று, 24 ஆண்டு கழித்தும் தீராமல் அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோகப்பட்டிருக்கிறது.

அடுத்த இதழில், தோல் வியாபாரத்திலிருந்தே நேராக அரசியலுக்கு வந்தவரைப் பார்ப்போம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மதராஸ் தோல் வணிகத்துக்கு வந்து, 1948 மார்ச் 10 அன்று இந்திய யூனியன் முஸ்லிம் லீகை உருவாக்கிய முகமது இஸ்மாயில். ஊர் அறிந்த பெயர் காயிதே மில்லத்.

(தொடரும்)